சிறு பொம்மைகளின் வெடிப்பு

வவுனியாத் தொல்பொருள் நூதனசாலையின் சேர்க்கையில், கிளிநொச்சிப் பகுதியிற் கிடைத்த சுடுமண் உருவங்கள் உண்டு. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று கணிக்கப்படும் அவ்வுருவங்கள் மண்ணினுட் கிடந்தன, மழையில் ஊறின, மரவேர்கள் அவற்றைச் சுற்றின. ஆயினும் அவற்றை வனைந்த குயவனின் விரற்பதிவு இன்றும் அழிந்துவிடவில்லை. இனி, அந்நகரத்து வீடொன்றின் சன்னல் ஓரத்தை நோக்குவோம். கோயில் திருவிழாக் கடையிலே வாங்கப்பட்ட பிளாஸ்டிக் பசுவொன்று அங்கே நிற்கின்றது. வாங்கி இரண்டு வருடங்கூட ஆகவில்லை. ஒருவரும் அதனை வீழ்த்தவில்லை, மிதிக்கவுமில்லை. ஒரு நாட் காலையிற் பார்த்தால் முன்னங்கால் கணுக்காலோடு பிளந்து கிடக்கின்றது. பிள்ளை அழுகின்றது; தாயார் மூத்த மகனைச் சந்தேகிக்கின்றார்; அவனோ தான் தொடவேயில்லை என்று சத்தியம் பண்ணுகின்றான். பெரும்பாலும் அவன் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

சுடுமண் விழுந்தால் உடையும், விழாதவரை உடையாது. பிளாஸ்டிக்கின் இயல்பு வேறு. அது விழுந்தபோது தப்பிவிடும். ஓரிடத்திற் சும்மா இருக்கும்போது வெடித்துவிடும். இந்த விந்தையின் காரணத்தை அறிந்தவர்க்கு, வெடிப்பைத் தடுப்பதும் திருத்துவதும் பெரிய வித்தையாகத் தோன்றா.

பிளாஸ்டிக் என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஒரு குலத்தின் பெயர். அக்குலத்துப் பொருள்கள் யாவும் மிக நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளால் ஆனவை. வைக்கோற் கற்றையொன்றிலே நீண்ட தாள்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுபோல அவை கிடக்கின்றன. தாள் நீளமாயும் பின்னல் இறுக்கமாயும் இருக்குமட்டும் கற்றைக்கு வலிமையுண்டு. தாள்களைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டாலோ, தாள்களுக்கிடையே வழுக்கும் பொருளொன்று புகுந்துவிட்டாலோ, கற்றை பிரியத் தொடங்கும். பொம்மை வெடிப்பின் வரலாறு முழுவதும் இவ்விரண்டினுள் அடங்கும்.

அக்குலத்தின் மூத்த பிள்ளை செலுலோயிட்டு. 1870ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே ஜோன் ஹயட் என்பார் பருத்தி நாரிலிருந்து பெற்ற சேர்வையையும் கர்ப்பூரத்தையும் கலந்து அதனை ஆக்கினார். கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் ஜப்பான் நாடு செலுலோயிட்டுப் பொம்மைகளை உலகெங்கும் ஏற்றுமதி செய்தது. பழைய வீடுகளின் நவராத்திரிக் கொலுப் பெட்டியில் அவற்றுள் ஒன்று இன்னும் கிடத்தல் கூடும். அது தீப்பற்றினால் நொடியில் எரிந்துவிடும் என்பதையும், கொலுவிளக்கின் அருகே வைக்கத் தகாதது என்பதையும் இப்போதே சொல்லிவைப்பது நன்று. 1926இல் அமெரிக்கர் வால்டோ சீமன், முரட்டுத்தன்மை வாய்ந்த பீ.வீ.சீ.யை எண்ணெய் போன்ற மென்மையூட்டிகளாற் பதப்படுத்தும் வழியைக் கண்டார். 1933இல் இங்கிலாந்திலே பொலித்தீன் கண்டுபிடிக்கப்பட்டது. பொலிஸ்ரைரீன், ஏ.பீ.எஸ். என்பன தொடர்ந்து வந்தன. டென்மார்க்கின் லீகோ நிறுவனத்தார் தம் விளையாட்டுக் கட்டைகளுக்கு முதலிற் பயன்படுத்திய செலுலோசு அசற்றேற்று வளைந்தும் நிறம் மாறியும் போனதைக் கண்டு, 1963இல் ஏ.பீ.எஸ்.ஸுக்கு மாறினர். பெருந்தொழில் நிறுவனத்துக்கே பொருளின் குணத்தை அறிய ஆண்டுகள் பிடித்தன. வீட்டில் உள்ளோர் அறியாதிருந்தாற் குறை கூறுவதற்கில்லை.

முதற் காரணம் பொம்மையின் பிறப்பிலேயே இருக்கின்றது. உருகிய பிளாஸ்டிக்கைப் பலத்த அமுக்கத்துடன் உலோக அச்சினுட் செலுத்தியே சிறு பொம்மைகளை வார்க்கின்றார்கள். அச்சின் சுவரைத் தொட்ட மேற்பரப்பு உடனே குளிர்ந்து இறுகுகின்றது. உட்பகுதி பின்னர் குளிர்ந்து சுருங்குகின்றது. முன்னரே இறுகிய மேலோடு அச்சுருக்கத்துக்கு இடங்கொடாது. ஆகவே இழுபறியொன்று பொம்மையின் உள்ளே நிலையாக அமைந்துவிடுகின்றது. மலிவான பொம்மைகளை விரைவாக வார்த்து, ஆறுமுன்னே அச்சிலிருந்து தள்ளிவிடுவதால் இவ்விழுபறி மிகுதியாகும். இன்னுமொன்று: உருகிய பிளாஸ்டிக் இரு பக்கமாகப் பிரிந்து ஓடி மீண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பொருத்துக்கோடு தோன்றும். அக்கோட்டில் இரு ஓட்டங்களின் சங்கிலிகளும் நன்கு பின்னிக்கொள்வதில்லை. பொம்மையை வெளிச்சத்திற் பிடித்துத் திருப்பினாற் சில வேளைகளில் அக்கோட்டைக் கண்ணாலேயே காணலாம்.

இழுபறி எங்கே குவியும்? கூரிய மூலைகளிலே குவியும். 1913ஆம் ஆண்டில் ஆங்கிலப் பொறியியலறிஞர் சாள்ஸ் இங்லிஸ், தகடொன்றிலுள்ள துளையின் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு அங்கே விசை பெருகும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். கப்பற் தகடுகளை எண்ணி அவர் செய்த கணக்கு பொம்மைப் பசுவின் கணுக்காலுக்கும் பொருந்தும். கழுத்து, கணுக்கால், மணிக்கட்டு, கையைத் தோளிற் செருகும் குழி, அடியில் ஆணி முறுக்கிய துளை ஆகிய இடங்களிலேதான் வெடிப்பு எப்போதும் தொடங்குகின்றது. முதுகின் நடுவிலே தொடங்கிய வெடிப்பைக் காண்பது அரிது.

இரண்டாவது காரணம் வெயில். வன்னியில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வவுனியா வடக்கு அகலக்கோடு 9 பாகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால், சித்திரை பிறக்கும் நாள்களிலும் ஆகஸ்டு மாத இறுதியிலும் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கின்றது. கச்சான் வீசும் மாதங்களில் முற்றத்து மண்ணே வெடித்துக் கிடக்கும். வெயிலிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் பிளாஸ்டிக்கின் சங்கிலிகளை வெட்டுகின்றன. வெட்டிய இடத்தில் வளியிலுள்ள ஒட்சிசன் வந்து பற்றிக்கொள்கின்றது. நீண்ட தாள் குறுந்தாளாகின்றது. முதலில் நிறம் மங்கும். பின்பு விரலாற் தடவினாற் சுண்ணம் போன்ற தூள் ஒட்டும். அதன்பின் தலைமயிரினும் நுண்ணிய கீறல்கள் வலைபோலப் படரும். அந்நிலைக்கு வந்துவிட்ட பொம்மைக்குத் திருத்தம் இல்லை. வேலியில் மாட்டிய பிளாஸ்டிக் வாளி கைபட்டவுடன் நொருங்குவதை அறியாதார் இலர்; அதுவே இதுவும்.

மூன்றாவது காரணம் ஒன்றையொன்று தொடுதல். பள்ளிப் பிள்ளைகளின் பென்சிற் பெட்டியிலே இதற்கு நல்ல சான்று கிடைக்கும். விடுமுறைக்கு மூடிவைத்த பெட்டியைத் திறந்தால், அழிறப்பர் பிளாஸ்டிக் அடிமட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, அடிமட்டத்தைக் குழியாக்கியிருப்பதைக் காணலாம். றப்பர் என்று பெயர் பெற்றாலும் அத்தகைய அழிறப்பர்கள் பீ.வீ.சீ.யால் ஆனவை. அதிலுள்ள மென்மையூட்டி எண்ணெய் மெல்ல வெளியேறி, அடிமட்டத்தின் பொலிஸ்ரைரீனினுட் புகுந்து அதனைக் கரைத்துவிடுகின்றது. மிருதுவான பீ.வீ.சீ. பொம்மையைக் கடினமான பொலிஸ்ரைரீன் பொம்மையோடு ஒரே பெட்டியில் மாதக்கணக்காகப் போட்டுவைத்தால் அங்கும் இதுவே நிகழும். கடினப் பொம்மைக்கு மென்மை புகுந்து கேடு. மென்பொம்மைக்கு மென்மை வெளியேறிக் கேடு. மென்மையூட்டியை இழக்கும் பொம்மை முதலிற் பிசுபிசுக்கும், தூசி படியும், பின்னர் வற்றிச் சுருங்கிக் கடினமாகி, மூட்டுகளில் வெடிக்கும். தகரக் கூரையின் கீழுள்ள பரணில் இச்செயல் வெகு விரைவாக நடைபெறும்.

நான்காவது காரணத்தை இல்லத்தவர் தம் நன்மனத்தாலேயே வருவித்துக்கொள்கின்றனர். பொம்மை பளபளக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் தடவுகின்றனர். எறும்பு வரக்கூடாதென்று பூச்சிகொல்லி தெளிக்கின்றனர். கறை போகவென்று தின்னரிற் துணியை நனைத்துத் துடைக்கின்றனர். உள்ளே இழுபறியோடு நிற்கும் பிளாஸ்டிக்கின் மேல் இத்தகைய திரவங்கள் பட்டால், சங்கிலிகளுக்கிடையே அவை புகுந்து வழுக்கச்செய்து, இழுபறிக்கு வழிதிறந்துவிடுகின்றன. பொலிஸ்ரைரீனுக்கு உணவெண்ணெயும் பகை. பொலித்தீனுக்குச் சலவைக் கரைசலிலே ஊறுதல் பகை. ஏ.பீ.எஸ்.ஸும், கண்ணாடிபோலத் தெளிந்த கடினப் பிளாஸ்டிக்குகளும் மதுசாரத்தைத் தாங்கமாட்டா. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுக்கு அஞ்சிக் கையிற் பூசும் மதுசாரக் கரைசலாலேயே பொம்மைகளையும் துடைத்த வீடுகள் பல. அவற்றுள் சில பொம்மைகள் சில மாதங்களிற் பொரிந்துபோனமைக்குக் காரணம் இதுவாகலாம்.

இவ்வகையில் மிகக் கொடியது பூச்சி உருண்டை. நவராத்திரி முடிந்ததும் கொலுப் பொம்மைகளையும், நத்தார் முடிந்ததும் பாலன் குடில் உருவங்களையும் பழந்துணியிற் சுற்றிப் பெட்டியிலிட்டு, உடன் இரண்டு மூன்று பூச்சி உருண்டைகளையும் போட்டு, அடுத்த வருடம் வரையில் மூடிவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மண் பொம்மைக்கும் பட்டுத்துணிக்கும் அதனாற் கேடில்லை. பொலிஸ்ரைரீன் உருவத்துக்கோ பூச்சி உருண்டையின் ஆவி நஞ்சு. பதினொரு மாதம் அவ்வாவியிற் கிடந்த உருவம் முகம் இளகி, பெட்டியின் துணி அச்செழும்ப, நுண்கீறல் படர்ந்து வெளியே வரும். எலியையும் ஈரத்தையும் பழிப்பவர்கள் அந்த வெள்ளை உருண்டையைச் சந்தேகிப்பதில்லை. துணிக்கு ஒரு பெட்டி, பிளாஸ்டிக் உருவங்களுக்கு வேறொரு பெட்டி என்று பிரித்தாற் போதும்.

தடுப்புமுறை வேறொன்றுமில்லை, மேலே கூறியவற்றைச் செய்யாதிருத்தலேயாம். பரணை விட்டுக் கட்டிலின் கீழே வைக்கலாம். அங்கே வெப்பம் குறைவு. ஒவ்வோர் உருவத்தையும் வெள்ளைக் கடதாசியிலே தனித்தனியாகச் சுற்றிக் கடதாசி அட்டைப் பெட்டியில் வைக்கலாம். இறுக முடிந்த பொலித்தீன் பையில் மென்பொம்மையை அடைத்தால் வெளியேறும் எண்ணெய் அங்கேயே தேங்கிப் பிசுபிசுப்பு மிகும். கழுவ இளஞ்சூட்டு நீரும் ஒரு துளி சவர்க்காரமும் போதும். கழுவிய உடனே நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் உருவத்தைப் படுக்கவைக்க வேண்டும். தன் பாரமே அதற்குச் சுமை. கையைக் குழியிற் செருகும் பொம்மையானால், வன்மையாக அழுத்தாது, அப்பகுதியைச் சற்று நேரம் வெந்நீரிற் பிடித்து இளக்கிய பின் செருகினால் குழி பிளவாது. வளைந்துபோன மென்பொம்மையையும் கொதிநிலைக்குக் குறைந்த வெந்நீரில் இளக்கி நிமிர்த்தி, அப்படியே தண்ணீரில் ஆழ்த்தினால் நிமிர்ந்தபடி நிற்கும். ஆணி முறுக்கிய பொம்மைகளில் ஆணியை முழுதும் இறுக்கிய பின் கால் திருப்பு தளர்த்திவிடுதல் வேண்டும்.

இனித் திருத்தம். திருத்தத் தொடங்குமுன் பொம்மை எவ்வகைப் பிளாஸ்டிக் என்று அறியவேண்டும்; அறியாது பசை பூசுதல் நோயறியாது மருந்து கொடுத்தலை ஒக்கும். உடைந்த சிறு துண்டை நீரிலிட்டுப் பார்க்கலாம். மிதந்தால் அது பெரும்பாலும் பொலித்தீன் அல்லது பொலிப்புரொப்பிலீன். மூழ்கினால் பொலிஸ்ரைரீனோ, ஏ.பீ.எஸ்.ஸோ, பீ.வீ.சீ.யோ ஆகலாம். முழுப் பொம்மையை இட்டுப் பார்ப்பதிற் பயனில்லை. உட்குழிவான பொம்மை எதுவாயினும் மிதக்கும். மூழ்கியவற்றுள், சீமெந்துத் தரையிற் போட்டால் உலோகம்போலக் கிணுங்குவது பொலிஸ்ரைரீன். நகத்தால் அழுத்தினாற் பதிந்து மீள்வது மென் பீ.வீ.சீ.; கடினமாயிருந்தும் கிணுங்காது மந்தமாக ஒலிப்பது ஏ.பீ.எஸ். எரித்து மணம் பார்க்கும் முறையொன்று சில நூல்களிற் கூறப்படுகின்றது. வீட்டில் அது வேண்டாம், பீ.வீ.சீ. எரிந்தால் எழும் புகையில் ஐதரோகுளோரிக்கமிலம் உண்டு, அது நெஞ்சை அரிக்கும்.

மூழ்கிய இனத்தைத் திருத்துதல் எளிது. கரைத்து ஒட்டும் முறை அதற்கு வாய்த்துள்ளது. இரு விளிம்புகளையும் சற்றே கரைத்துச் சேர்த்துப் பிடித்தால், இரு பக்கத்துச் சங்கிலிகளும் மீண்டும் பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானபின் அவ்விடம் ஏறக்குறையப் பழைய வலிமையைப் பெறும். பீ.வீ.சீ. பொம்மைக்கு, நீர்க்குழாய் பொருத்துவதற்கென்று ஹாட்வெயார் கடையிலே விற்கும் பீ.வீ.சீ. பசையே தக்கது. ஏ.பீ.எஸ்.ஸுக்கு அசற்றோன் பொருந்தும்; பொலிஸ்ரைரீனுக்குப் பூச்சுவேலைக்காரர் வாங்கும் தின்னர் பொருந்தும். செய்யும் வகையிலேதான் நுட்பம் இருக்கின்றது. வெடிப்பைத் திறந்து உள்ளே பசையை நிரப்புதல் கூடாது. முதலில் வெடிப்பை மூடிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையின் நுனியில் ஒரு துளி கரைப்பானை எடுத்துக் கோட்டின்மேற் தொட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அது தானே உள்ளே ஓடும். சில நிமிடம் அசையாது பிடித்து, நூலினாற் சுற்றி, ஒரு நாள் முழுதும் விட்டுவிட வேண்டும். துளி மிகுந்தால், திருத்தியவனே புதிய வெடிப்புகளுக்கு வித்திட்டவனாவான். கரைப்பான் பட்ட அயற்பகுதி பின்னர் பொரியும். இவ்வேலையைக் காற்றோட்டமான திண்ணையிற் செய்தல் வேண்டும். அடுப்பும் மெழுகுதிரியும் அண்மையில் இருத்தலாகாது. இவற்றின் ஆவி நெருப்பை எட்டத்திலிருந்தே இழுத்துக்கொள்ளும்.

மிதக்கும் இனமோ பிடிவாதமுடையது. பொலித்தீனையும் பொலிப்புரொப்பிலீனையும் வீட்டிலுள்ள எக்கரைப்பானும் கரைப்பதில்லை; எப்பசையும் அவற்றைப் பற்றுவதில்லை. பசைக் குப்பியே பெரும்பாலும் பொலித்தீனால் ஆக்கப்படுகின்றதென்றால் காரணம் விளங்கும். கடையிற் பசை வாங்கிப் பூசி, காய்ந்தபின் தோல்போல அது உரிந்துவருவதைக் கண்டு கடைக்காரரைக் கடிந்துகொள்ளுவோர் இதனை அறிதல் நலம். இதற்கு இரு வழிகள் உண்டு. வெடிப்பு நீளமாயின், வானொலிப் பெட்டி திருத்துவோர் கையாளும் சூட்டுக்கோலின் முனையால் விளிம்புகளை இலேசாக உருக்கிச் சேர்க்கலாம். கால் அல்லது கை முற்றாக முறிந்திருந்தால், முறிந்த இரு முகங்களிலும் சுட்ட ஊசியாற் துளையிட்டு, மூங்கிற் பற்குச்சித் துண்டொன்றையோ துருப்பிடியாத உருக்குக் கம்பியையோ செருகி இணைக்கலாம். மின்கம்பியிலிருந்து உரித்த செப்புக் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அதனை விலக்குதல் நன்று. செம்பு பொலிப்புரொப்பிலீனின் சிதைவை விரைவுபடுத்தும்; திருத்தம் புறத்தே பொலிந்து அகத்தே அரிக்கும்.

சுப்பர் குளூ என்று கடைதோறும் விற்கும் சிறு குழாயைப் பற்றியும் கூறவேண்டும். ஏனெனில் மக்கள் முதலில் நாடுவது அதனையே. 1942இல் ஹரி கூவர் என்ற அமெரிக்க இரசாயன அறிஞர் துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடியபோது, தொட்டதையெல்லாம் ஒட்டும் பொருளொன்று எதிர்ப்பட்டது. அன்று அதனை ஒதுக்கிவைத்தார். 1958இல் அது கடைக்கு வந்தது. வளியிலுள்ள ஈரத்தாலேயே அது இறுகுகின்றது; மாரிகாலத்தில் விரைவாகவும் கச்சான் காலத்திற் சற்றுத் தாமதமாகவும் பற்றும். கடினப் பொம்மைகளை அது நன்கு ஒட்டும். ஆனால் ஒட்டிய இடம் கண்ணாடிபோல இருப்பதால், வளையும் உறுப்புகளில் நில்லாது. சிறு துண்டு காணாமற்போய்க் குழி விழுந்திருந்தால், குழியில் அப்பச்சோடாவைத் தூவி அதன்மேல் ஒரு துளி சுப்பர் குளூவை விட, அது நொடியிற் கல்லாகும். பின்பு தச்சர் பயன்படுத்தும் தேய்ப்புக் கடதாசியால் உருவம் கொடுக்கலாம். அவ்வேளையிற் சூடு எழும். பருத்தித் துணியிற் சிந்தினாற் சூடு மிகுந்து தோலைச் சுடும். விரல்கள் ஒட்டிக்கொண்டாற் பிய்த்தல் வேண்டாம். இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்கலாம். கண்ணிற் பட்டால் நீரினாற் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

உட்குழிவான பெரிய பொம்மைகளில் வெடிப்பு நீண்டிருந்தால் புறத்தே ஒட்டுவதாற் பயன் சிறிது. அடித்துளை வழியே மெல்லிய துணிக்கீலம் ஒன்றை, இருகலவைப் பசையில் தோய்த்து, வெடிப்பின் உட்புறமாகப் படியவைத்தால் எலும்புக்குப் பத்துப் போட்டதுபோல் நிற்கும். இதற்கு முன்னதாக, வெடிப்பின் முனையை நாடிப் பார்த்து, அம்முனையிற் சுட்ட குண்டூசியாற் சிறு துளையொன்று இடுதல் வேண்டும். இங்லிஸ் கண்டபடி கூர்முனையிலேதான் விசை குவிகின்றது. துளை அம்முனையை வட்டமாக்கிவிடுவதால் வெடிப்பு மேற்கொண்டு ஓடாது. பேருந்துக் கண்ணாடியிலும் இயந்திரத் தகட்டிலும் கைவினைஞர் செய்யும் காரியந்தான் இது.

திருத்தியாயிற்று. அதனை எவர் கையிற் கொடுப்பது? பாலர் பாடசாலை ஒன்றின் அலுமாரியை எண்ணிப் பார்ப்போம். நாற்பது பொம்மைகள் உண்டு, பதினைந்தில் வெடிப்பு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் விலைகள் ஏறியபின் புதியன வாங்குவது இலேசான செயலன்று. ஆசிரியை பதினைந்தையும் திருத்திப் பழைய இடத்திலே வைக்க விரும்புவார், அவ்விருப்பம் போற்றத்தக்கது. ஆயினும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை எதையும் வாயில் வைக்கும். திருத்திய கால் மீண்டும் கழன்றால் அது தொண்டைக்குப் பொருத்தமான அளவாகவே இருக்கும். ஆகையால் ஒட்டிய உறுப்புடைய சிறு பொம்மை எதனையும் அவ்வயதினர்க்குக் கொடுத்தலாகாது. பிசுபிசுத்த பழைய மென்பொம்மைகளையும் அவ்வாறே விலக்க வேண்டும். அவற்றிற் கலந்த மென்மையூட்டிகளுட் சிலவற்றைப் பிள்ளைகளின் பொம்மைகளில் ஐரோப்பிய நாடுகள் 2005இலும் அமெரிக்கா 2008இலும் சட்டத்தாற் கட்டுப்படுத்தின; அதற்கு முற்பட்ட பொம்மைகளுக்கு அக்காப்பு இல்லை. உரியும் வர்ணப் பூச்சிலே ஈயம் இருத்தலும் கூடும். ஐந்து வயதுக்கு மேற்பட்டோர்க்குத் திருத்திய பொம்மையைத் தயங்காது கொடுக்கலாம். அவர்களைக் கொண்டே திருத்துவித்தல் இன்னும் சிறப்பு. சுப்பர் குளூவும் சூட்டுக்கோலும் மட்டும் பெரியோர் கையில் இருக்கட்டும்.

வன்னிப் பிள்ளைகளுக்குச் சொல்லியாகவேண்டிய ஒன்றுண்டு. போர்க்காலத்திற் புதைக்கப்பட்ட மிதிவெடிகளிற் சில பிளாஸ்டிக் உறை கொண்டவை. உள்ளங்கையில் அடங்கும் அளவினவும் அவற்றுள் உண்டு. போர் 2009இல் முடிந்தபின் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடைபெற்றது. காட்டோரத்திலும் கைவிடப்பட்ட காணிகளிலும் வண்ணமிழந்த பிளாஸ்டிக் துண்டொன்று தென்பட்டால், அது உடைந்த பொம்மையாகவே இருக்கக்கூடும். அப்படியிருந்தாலும் எடுக்கக்கூடாது, தொடாது திரும்பிவந்து பெரியோரிடம் கூறவேண்டும். பொம்மை பொறுக்கித் திருத்தும் பழக்கத்தை ஊட்டும் ஆசிரியர், இதனையும் அதே பாடத்திற் கூறாதொழிதல் கூடாது.

இறுதியாக, விளையாட்டுக்கு உரியனவாயிராத பொம்மைகள் சிலவுண்டு. பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்களிற் புகைப்படங்கள் போயின. பள்ளிச் சான்றிதழ்கள் போயின. 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிற் கூடாரத்தின் கீழ் இருந்தோர் பலரிடம் உடுத்த துணிக்கு மேல் யாதும் இருக்கவில்லை. 2012இல் அம்முகாம் மூடப்பட்டு மக்கள் ஊர் திரும்பியபோது, எங்கோ ஒரு மூட்டையின் அடியிற் பிளாஸ்டிக் பசுவோ குதிரையோ ஒன்று எஞ்சியிருந்தால், அந்த வீட்டில் அது வெறும் பொம்மையன்று. அத்தகையது வெடித்தால் விளையாட்டுப் பொருளுக்குரிய திருத்தம் அதற்குப் பொருந்தாது. கரைப்பான் இட்டால் இட்டதுதான், மீட்க வழியில்லை. சுப்பர் குளூ காலப்போக்கில் வெண்புகை படிந்தாற்போலக் கறை விடும். நூதனசாலைகளில் பழம் பிளாஸ்டிக்கைப் பேணுவோர் இயன்றவரை ஒட்டாது, ஒளியையும் வெப்பத்தையும் விலக்கித் தாங்கி மட்டும் கொடுக்கின்றனர். வீட்டிலும் அதனையே செய்யலாம். உடைந்த துண்டுகள் ஒன்றும் தவறாமற் பொறுக்கி, உடலைப் பஞ்சு வைத்த சிறு அட்டைப் பெட்டியிற் கிடத்தி, துண்டுகளை வெள்ளைக் கடதாசி உறையிலிட்டு அருகே வைக்க வேண்டும். உறையின் மேற்புறத்தில் அது எந்த உறுப்பு, யாருடைய பொம்மை, எந்த ஊரில் எந்த ஆண்டு வாங்கியது என்பவற்றைப் பென்சிலால் எழுதிவைக்கலாம். பேனை மை பிளாஸ்டிக்கில் ஊறும், பென்சில் ஊறாது.